மச்சானின் நல்ல இடுப்பு

காற்று செத்துப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என் பொறாமையை நானே கையும் களவுமாகப் பிடித்தேன்.

தாழங்குடாவில் பெண்ணையாறு கடலில் சேரும் முகத்துவாரம். தண்ணீர் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் அசையாமல் கிடந்தது. என் மனைவியின் தம்பி, என் மச்சான், நடு ஆற்றில் ஒரு பலகைமேல் குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் தண்ணீரைத் துழாவியபடி கரைக்கு வந்துகொண்டிருந்தான். கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். மடியில் ஊன்றுகோல். அவன் படுகிற பாட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ ஒன்று சுகமாகப் புரண்டு படுத்தது. காற்றே, நீ நல்லா இருக்கணும் என்று மனசுக்குள் சொன்னேன். எத்தனையோ மாலைகளில் காற்றுக்காகத் தவம் கிடந்தவன், அது நின்றுபோனதற்காக அதை வாழ்த்திக்கொண்டிருந்தேன்.

அவன் படுத்திருந்த பலகை என்னுடையது.

விங் ஃபாயில் என்று அதற்குப் பெயர். ஒரு பலகை, அதன் அடியில் நீண்ட ஒற்றைக் கால், அந்தக் காலின் நுனியில் தண்ணீருக்குள் ஓடுகிற சின்ன இறக்கை. கையில் பிடித்துக்கொள்ள, காற்றடைத்த பெரிய இறக்கை ஒன்று தனி. தாழங்குடா மீனவர்களுக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே பார்வையில் வவ்வால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். புதுச்சேரியிலிருந்து ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரரிடம் பழையதாக வாங்கி, நாற்பது தாண்டிய பிறகு கற்றுக்கொண்டேன். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. சத்தம் நிற்கிற அந்த ஒரு கணத்தை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? பலகை தண்ணீரைப் படபடவென்று அடித்துக்கொண்டே ஓடும். காற்று இறக்கையில் நிறையும். திடீரென்று அடி நின்றுவிடும். ஆறு கீழே போய்விடும். முழங்கால் உயரம்தான். அந்த முழங்கால் உயரத்தில் சம்பளம் இல்லை, வயசு இல்லை, தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகிற சின்ன மூச்சு மட்டும் இருக்கும்.

பிறகு வலது இடுப்பு என்னை விட்டுப் போக ஆரம்பித்தது. மூட்டில் இருந்த மெத்தை தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசின. கரும்பலகை முன்னால் நொண்டினேன், படிக்கட்டில் நொண்டினேன். ஆற்றில் மட்டும் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பறந்தேன், ஒரு நாள் பலகைமேல் எழுந்து நிற்கவே முடியாமல் போகும்வரை.

சிதம்பரத்தில் மூட்டு மாற்று ஆபரேஷன். முந்தின நாள் டாக்டரிடம் கேட்டேன்.

“டாக்டர், இதுக்கப்பறம் நான் மறுபடியும் பறக்கலாமா?”

“தாராளமா. ஏர்போர்ட்ல மெட்டல் டிடெக்டர் கத்தும். சர்டிஃபிகேட் ஒண்ணு தர்றேன், காட்டிக்கிங்க.”

செல்போனை எடுத்து வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இதுல கீழ விழுவீங்களா?”

“விழாம பறக்க முடியாது டாக்டர்.”

“அப்ப இத ஒரு வருஷம் கழிச்சுப் பேசுவோம்” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஒரு வருஷத்தை உள்ளங்கையில் சூடான நாணயம்போல மூடிக்கொண்டுதான் ஆபரேஷன் மேஜையில் படுத்தேன். மறுபடி எழும்புவேனா, மாட்டேனா. வேறு எந்தக் கேள்வியும் எனக்கு இல்லை.

மச்சான் வீடு சிதம்பரத்தில்தான். மேல வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். தையல் பிரித்து, ஊன்றுகோலுக்குப் பழகும்வரை அவன் வீட்டில்தான் கிடந்தேன். கழிப்பறைக்குத் தாங்கிக்கொண்டு போனான், காலில் தண்ணீர் ஊற்றினான், செருப்பு மாட்டிவிட்டான். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அதனாலேயே என் பொறாமை இன்னும் கேவலமாக வளர்ந்தது. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் வளர்கிற பொறாமைக்கு உரம் ஜாஸ்தி.

முதலில் அவன் பறப்பதைப் பார்த்து அல்ல, அவன் உட்காருவதைப் பார்த்துத்தான் எரிந்தேன். தரையில் உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, கால்மேல் கால் கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. அவனோ ராத்திரி கடையடைத்து வந்து, லுங்கியை மடித்துக்கொண்டு, சொத்தென்று தரையில் உட்காருவான். கால்கள் தாமாகவே ஒன்றுக்குள் ஒன்று மடங்கும். தட்டை முன்னால் இழுத்துச் சாப்பிடுவான். உயரமான நாற்காலியில் தலையணைமேல் உட்கார்ந்தபடி அந்த இரண்டு முழங்கால்களையும் பார்த்துக்கொண்டே நான் இட்லியைப் பிசைவேன். அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. விஷயமே இல்லாமல் இருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கடலூரில் எங்கள் வீட்டுக்கு என்னைக் காரில் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு, மாடிப்படிக்கு அடியில் மடித்து வைத்திருந்த இறக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“என்னா மாமா, வவ்வா சும்மாதான கெடக்குது?”

“கெடக்கட்டும்.”

“சும்மா போட்டா மடிப்புல ஒட்டிக்கும். எலி வேற கடிச்சுரும். நிறுத்தி வெச்ச வண்டிய அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வெக்கிறதில்ல, அந்த மாதிரி நான் வேணா தண்ணில போட்டு எடுக்கட்டா?”

செருப்பு மாட்டிவிட்டவனிடம் எப்படி மாட்டேன் என்பது. அதுவுமில்லாமல், எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அவனுக்குத் தொப்பை, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் பின்மண்டையில் கட்டினால்தான் பார்வை. நீச்சல் தெரியும், அவ்வளவுதான். இவன் எங்கே எழும்பப் போகிறான்?

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பண்ருட்டி லாரியிலிருந்து முந்திரி மூட்டை இறக்குவதுபோல விழுந்தான். ஞாயிறுதோறும் விழுந்தான். கரையில் வலை உதறுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “சார், உங்க ஆளு மீன் புடிக்கப் போனானா, மீனுக்கு எரையாப் போனானா?” என்று கேட்டார்கள். நான் தாராளமாக அறிவுரை சொன்னேன். இறக்கையை உயர்த்து, பார்வையை முன்னால் வை, காலைப் பார்க்காதே. விழுகிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு இன்பமான வேலை.

பிறகு ஒரு நாள், சோழகக் காற்று தெற்கிலிருந்து சீராக அடித்த ஒரு மாலையில், அவன் பலகையின் சத்தம் நின்றது.

எழும்பிவிட்டான். ஆற்றின் அந்தப் பக்கத்துச் சவுக்குத் தோப்பை நோக்கி, தொப்பையும் கண்ணாடிக் கயிறுமாக, முழங்கால் உயரத்தில் போனான். என் மனைவி செல்போனை நீட்டிப் படம் பிடித்தாள். “ஏங்க பாருங்க, பாருங்க” என்றாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாற்காலியின் கால்கள் மணலில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன.

வீடு போய்ச் சேர்வதற்குள் குடும்ப வாட்ஸாப் குழுவில் படம் ஏறிவிட்டது. என் மனைவியின் புவனகிரிப் பெரியம்மா கைகூப்பும் பொம்மைகளை வரிசையாகப் போட்டு, “எங்க கொழந்த பறக்குது” என்று குரலில் பேசி அனுப்பியிருந்தார். நான் பறந்த வருஷங்களில் எல்லாம் அதே பெரியம்மா, “வயசான காலத்துல அவருக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேல” என்று என் மனைவியிடம் கேட்டவர். எந்த ஊரில், எந்தத் தராசில் இது நியாயம்?

அதன்பிறகு நான் காற்றை வேவு பார்க்கத் தொடங்கினேன். வியாழக்கிழமையே போனில் ஞாயிற்றுக்கிழமைக் காற்றைப் பார்ப்பேன். வேகம் குறைவு என்றால் அன்றைக்குச் சாப்பாடு ருசிக்கும். அதிகம் என்றால், “வெயில் ஜாஸ்தியா இருக்கும் மச்சான், கடைய உட்டுட்டு எதுக்கு அலையுற” என்று அக்கறையாகப் பேசுவேன். அவன் வருவான். சிதம்பரத்திலிருந்து கார் ஓட்டி வந்து, என்னையும் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போவான். என் எதிரிலேயே என்னைவிட நன்றாகப் பறப்பான். இறங்கி வந்து ஈரத்தோடு என்னிடமே கேட்பான்: “எப்படி மாமா இருந்துச்சு?”

“பரவால்ல” என்பேன். அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு விஷத்தை அடைக்க முடியும் என்று அந்த மாதங்களில் கண்டுபிடித்தேன்.

உடற்பயிற்சிக்கு வாரம் ஒரு முறை சிதம்பரம் போய்வந்தேன். பிசியோதெரபிஸ்ட் லால்பேட்டைக்காரப் பெண். பேச்சு குறைவு, பிடி அதிகம். ஒரு நாள் என் கால் ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தபோது, “இவன் போறான் பாருங்கம்மா, நான் எப்ப போறது?” என்று மச்சானின் வீடியோவைக் காட்டினேன். அனுதாபத்தை எதிர்பார்த்தேன். அவர் போனை வாங்கி, இரண்டு தடவை ஓடவிட்டார்.

“இவுங்களுக்கும் வலது பக்கமா சார்?”

“எது?”

“இடுப்பு. எப்ப ஆபரேஷன் பண்ணிக்கப் போறாங்க?”

“அவனுக்கு ஒண்ணுமில்லம்மா. கல்லு மாதிரி இருக்கான்.”

“இல்ல சார். பாருங்க. வலது பாதத்த வெளிய திருப்பி வெச்சிருக்காங்க. குதிகால் பலகைல படல. இடுப்ப மடக்கி, வெயிட்ட எல்லாம் எடது காலுக்குத் தள்ளுறாங்க. நீங்க முதல்ல இங்க வந்தப்ப இப்படித்தான் நின்னீங்க. வலி உள்ளவுங்க நிக்கிற நெல இது.”

போனைத் திரும்ப வாங்கினேன். என் பழைய வீடியோ ஒன்றைத் தேடி எடுத்தேன். அடுத்தடுத்துப் பார்த்தேன். அதே திரும்பிய பாதம். அதே தூக்கிய குதிகால். தோளைக்கூட அதே மாதிரி இறக்கியிருந்தான். யாருக்கும் தெரியாது என்று நான் நம்பிய வலி, இதோ, இன்னொருவன் உடம்பில் ஏறி என் ஆற்றில் பறந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெண், “அல்லா காப்பாத்துவான், பட்டைய விடாதீங்க, இழுங்க” என்றார். இழுத்தேன்.

நேராக மேல வீதிக் கடைக்குப் போனேன். மச்சான் ஓர் அம்மாவின் மூக்கில் சோதனைக் கண்ணாடியை மாட்டி, “இது தெளிவா, இல்ல இதுவா? மொதல்லா, ரெண்டாவதா?” என்று வில்லைகளை மாற்றிக்கொண்டிருந்தான். அவர் போகும்வரை காத்திருந்தேன்.

“மச்சான், நீ பலகைல நிக்கிற நெல தப்பு.”

“என்னா மாமா சொல்றீங்க? நீங்க நின்ன மாதிரிதான நிக்கிறேன். உங்க வீடியோவ எல்லாம் நிறுத்தி நிறுத்திப் பாத்துக் கத்துக்கிட்டேன்.”

“அதான் தப்பு. நான் நொண்டிக்கிட்டு நின்னேன். வலியில.”

வில்லைப் பெட்டியை மூடாமல் என்னைப் பார்த்தான்.

“வலியிலயா? எல்லா வீடியோலயுமா?”

“கடைசி ரெண்டு மூணு வருஷம்.”

“நான் அத ஸ்டைலுன்னு நெனச்சேன் மாமா.” சுவர் முழுக்க இருந்த கண்ணாடியைக் கையால் காட்டினான். “கஸ்டமர் இல்லாதப்ப இது முன்னாடி நின்னு, காலத் திருப்பி, குதிகாலத் தூக்கி, ப்ராக்டீஸே பண்ணியிருக்கேன். வேல செய்யற பொண்ணு சிரிக்கும்.” வில்லைப் பெட்டியை மூடிவிட்டு, “அவ்ளோ வலியோடயா போனீங்க? ஒரு வார்த்த சொல்லல” என்றான்.

அவன் குரல் இறங்கியிருந்தது. நான் இளகியிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் ஓடியது வேறு. பண்ருட்டிப் பலாவை அரிந்தவன் நான். பிசினும் முள்ளும் என் கையில். சுளை மட்டும் இவன் வாயில். என் வலியை உரித்துப் போட்டுவிட்டு என் பறத்தலை மட்டும் எடுத்துக்கொண்டான். நல்ல இடுப்பு இரண்டு வைத்திருக்கிறவனுக்கு என் நொண்டலும் வேண்டியிருக்கிறதா?

அடுத்த ஞாயிறு நேராக நின்று பார்த்தான். மறுபடி முந்திரி மூட்டை. பொத் பொத்தென்று விழுந்துகொண்டே இருந்தான். அந்த மாலை முழுவதும் எனக்குப் பண்டிகையாக இருந்தது. வாங்கி வந்த பஜ்ஜியை எல்லாம் நானே தின்றேன். கடைசியில் அவன் பாதத்தை வெளியே திருப்பினான், குதிகாலைத் தூக்கினான், எழும்பிப் போய்விட்டான். வந்து, “எனக்கு இதான் செட்டாவுது மாமா. உங்க நொண்டிய எனக்கே எழுதிக் குடுத்துருங்க” என்று சிரித்தான். பஜ்ஜி காகிதத்தைக் கசக்கினேன்.

டாக்டரின் ஒரு வருஷம் முடிந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “ஆழமான எடத்துல மட்டும் போங்க. கால முறுக்கிக்கிட்டு விழாதீங்க. கூட ஆள் இருக்கணும்” என்றார். அனுமதி என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

மறுபடி சோழகக் காற்று. மறுபடி தாழங்குடா. மழைக்கால வெள்ளம் மணல்திட்டை இடம் மாற்றியிருந்தது. ஆற்றின் வாய் கொஞ்சம் வடக்கே போயிருந்தது. இறக்கையைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டுப் பலகைமேல் ஏறினேன். காற்று அதே காற்று. கை அதே கை. எழுந்து, எனக்குத் தெரிந்த மாதிரி நின்றேன். வலது பாதம் தானாகவே வெளியே திரும்பியது, குதிகால் தூக்கிக்கொண்டது. பலகை இடதுபுறம் சரிந்து என்னை ஆற்றில் கொட்டியது.

ஏறினேன். விழுந்தேன். ஏறினேன். விழுந்தேன். வலி கொஞ்சமும் இல்லை. வலித்திருந்தால் ஒரு சமாதானம் இருந்திருக்கும். புதிய மூட்டு சொன்னபடி கேட்டது. நான் சொன்னதுதான் தப்பாக இருந்தது. மச்சான் கழுத்தளவுத் தண்ணீரில், பலகையின் வாலைப் பிடித்தபடி பக்கத்திலேயே நீந்தி வந்தான்.

“மாமா, வலது கால இன்னும் கொஞ்சம் திருப்புங்க. ஆங். இடுப்ப மடக்குங்க. இப்படி நல்லாருக்கா, இல்ல இப்படியா? மொதல்லா, ரெண்டாவதா?”

என் நொண்டலை எனக்கே சொல்லிக்கொடுத்தான். எழுத்துப் பிழை திருத்துகிற வாத்தியார்போல, என் பாதத்தைப் பிடித்துக் கோணல் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் கோணலாக்கினான். கோபத்தில் கண் மங்கியது. அவனைவிட நன்றாக நொண்டிக் காட்ட வேண்டும் என்ற வெறியில், இன்னும் குனிந்து இன்னும் திருப்பினேன். விழுந்தேன். ஆற்று நீரும் கடல் நீரும் கலந்த அந்த உவர்ப்பு மூக்கில் ஏறியது. இரண்டு ஞாயிறுகள் இப்படியே போயின. மூன்றாவதில், பலகை என்னைத் தாங்காது என்றே தோன்ற ஆரம்பித்தது. இது இனி அவனுடையது, நான் கரைக்குப் போகலாம். வீட்டில் யாரும் தடுக்கப் போவதில்லை. பெரியம்மா கைகூப்புவார்.

முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்ற என் மனைவி, நான் பலகையை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏங்க, தெருவுல நேராத்தான நடக்குறீங்க?”

“ஆமா.”

“மார்க்கெட்டுக்கு நேராப் போறீங்க, மாடிப்படி நேரா ஏறுறீங்க. தண்ணில எறங்கினா மட்டும் எதுக்கு அவன மாதிரி நொண்டுறீங்க?”

“அவன மாதிரியா? அவன்தான் என்ன மாதிரி.”

“யார மாதிரியோ. ஆபரேஷன் பண்ணது நிக்கிறதுக்குத்தான? நில்லுங்களேன்.”

மச்சான் வாயில் கையை வைத்துச் சிரிப்பை அடக்கினான். அக்காளும் தம்பியும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்கள் என்று பொங்கியது. பலகையோடு திரும்ப இறங்கினேன்.

முட்டிபோட்டு ஏறினேன். காற்று வந்தது. எழும்போது, ஆற்றை மறந்து தெருவை நினைத்தேன். மஞ்சக்குப்பத்தில் காய்கறிப் பையோடு பஸ்ஸுக்கு நிற்கிறேன். குதிகால் பலகையில் பட்டது. முழுதாகப் பட்டது. எத்தனை வருஷமாக அந்தக் குதிகாலுக்குக் கீழே பலகை இருப்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. இடுப்பு நிமிர்ந்தது. உடம்பு அன்னியமாக, உயரமாக, வேறு யாருடையதோபோல இருந்தது. இப்போது கட்டாயம் விழுவேன் என்று இருந்தது. பலகை படபடவென்று அடித்தது. அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

ஆறு கீழே போனது.

மூச்சே விட்டேனா தெரியாது. சவுக்குத் தோப்பு என்னை நோக்கி வந்தது. ஒரு படகு, அதில் ஒரு தலைப்பாகை, ஒரு “ஏய் சாரு” என்ற சத்தம், எல்லாம் பின்னால் போயின. தோப்புக் கரைக்கு முன்னால் திரும்பத் தெரியாமல் விழுந்தேன். இது நேர் உடம்பு, இதற்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்கவில்லை இன்னும். ஏறினேன். மறுபடி எழும்பினேன். இந்தப் பக்கக் கரை வந்தபோது மச்சான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தான். முகம் எல்லாம் பல். பிறகு கை தட்டுவதை நிறுத்திவிட்டு, நான் போகிற வேகத்தையும், பலகை எழும்பியிருந்த உயரத்தையும், என் நேரான முதுகையும் ஒரு மாதிரி பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக அவன் சிரிப்பு சுருங்கியதை, தாண்டிப் போகிற அந்த நொடியிலும் நான் தவறவிடவில்லை.

“மாமா, நல்லா நிக்கிறீங்க” என்றான் முதலில்.

அடுத்த தடவை தாண்டும்போது, “மாமா, போதும், எழும்புன மொத நாளே ஜாஸ்தி வேணாம்” என்றான்.

அதற்கடுத்த தடவை, “மாமா, காத்து எறங்கிரும். நான் சிதம்பரத்துலேருந்து வந்துருக்கேன். ஒரு ரவுண்டு எனக்கு வுடுங்க” என்றான்.

காதில் விழுந்தது. ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. வெயில் சாய்ந்து ஆறு செம்பாகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான் காற்று என்று எனக்கும் தெரியும். இறக்கையைக் காற்றுக்குக் கொஞ்சம் சாய்த்து, கேட்காதவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுத்த கரையைப் பார்த்துப் போனேன்.